மொட்டை மாடிக்கு முதல் செலவு எது?

வட சென்னை வீடுகளின் திறந்தவெளி குறித்து ஓர் ஆய்வு

மாலையில் காற்று வாங்க, துணி காயப்போட, வடகம் பிழிய, நாலு செடி வைக்க வீட்டோடு ஒட்டிய ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை எப்படி அமைப்பது, கையிலிருக்கும் பணத்தை எதில் முதலில் போடுவது? காலந்தோறும் இதற்கு வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அரண்மனையில் நிலவொளிக்கென்றே முற்றம் இருந்ததை நெடுநல்வாடை பதிவு செய்திருக்கிறது. கிராமத்து வீட்டுக்குத் திண்ணையும் முன்வாசலும் விடையாக இருந்தன. இன்றைய வீட்டு அலங்கார இதழ்கள் மரத்தளமும் ஊஞ்சலும் என்கின்றன. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதியில் இந்தக் கேள்வி பெரும்பாலும் மொட்டை மாடியைப் பற்றியதாகவே இருக்கிறது. உப்புக்காற்றும் ஆலைப்புகையும் சேர்ந்த இந்த வட்டாரத்தில், மற்ற ஊர்களுக்குப் பொருந்தும் விடை அப்படியே பொருந்துமா என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி மாடிக்கு ஏறியது எப்படி

சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தன. அதன்பின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. வலை காயவைக்கவும் கருவாடு உலர்த்தவும் குடும்பங்களுக்குப் பயன்பட்ட மணல்வெளி பல இடங்களில் கடலுக்குள் போயிற்று. எஞ்சிய கரையைக் காக்கக் கருங்கல் கொட்டப்பட்டது.

நிலத்தின் மறுபக்கத்தில் இருப்புப்பாதையும் ஆலைகளும் வந்தன. ராயபுரத்திலிருந்து 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் திருவொற்றியூர், எண்ணூர், மணலி நெடுக மோட்டார் வாகன ஆலைகள், தீப்பெட்டி ஆலை, சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையங்கள் என வரிசையாக எழுந்தன. வேலை தேடி வந்தவர்களுக்காக லைன் வீடுகள் பெருகின. தெருவை ஒட்டியே சுவர், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றான பிறகு, தரையில் திறந்தவெளி என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை.

மிஞ்சிய தரையும் நம்பகமானதாக இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி, படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது. வெள்ளம் எட்டாத திறந்தவெளியாக மொட்டை மாடி மட்டுமே இருக்கும் தெருக்கள் இங்கே உண்டு. ஆகவே, மாடிக்கான செலவை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

முதல் விடை: பழைய மெட்ராஸ் தளம்

ராயபுரத்தின் பழைய வீடுகளில் இன்னும் காணப்படும் மெட்ராஸ் டெரஸ் ஒரு முழுமையான தீர்வாக இருந்தது. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாகக் குத்திட்டு அடுக்கி, சுண்ணாம்புக் கலவையால் இணைத்தார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த படலத்தைப் பரப்பி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கினார்கள். கடைசியில் தட்டோடு பதித்தார்கள். வெயிலைத் தாங்கவும் மழைநீரை வாட்டம் பார்த்து வடிக்கவும் அந்த ஒரே தளம் போதுமானதாக இருந்தது. அதில் இரும்புக் கம்பி இல்லாததால் உப்புக்காற்று அரித்து வெடிக்கச் செய்ய உள்ளே எதுவும் இல்லை.

மரபுக் கட்டுமானத்தை ஆதரிப்போர் இந்தக் காரணங்களையே சுட்டுகிறார்கள். ஆனால் இதன் பலவீனங்களும் தெளிவானவை. உத்தரத்தைக் கரையான் பிடித்தால் தளமே ஆபத்தாகிவிடும். நல்ல தேக்கின் விலை சாதாரணக் குடும்பத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. சுண்ணாம்பு அடித்து இறுக்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, மேலே இன்னொரு மாடி எழுப்ப அந்தத் தளம் இடம் தராது. நெருக்கமான இந்த வட்டாரத்தில் அதுவே பலருக்கு முதல் தேவை. பழைய முறையிலிருந்து இன்றைக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது, கான்கிரீட்டின் மேல் போடும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புப் படலமும் தட்டோடும்தான்.

இரண்டாம் விடை: முதலில் தளத்தைக் காப்பாற்று

கட்டடப் பொறியாளர்களும் அனுபவமுள்ள மேஸ்திரிகளும் சொல்வது சுருக்கமானது: மாடியில் எதை வைக்கலாம் என்று கேட்பதற்கு முன், தளம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதன் காரணத்தை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். கடற்காற்றில் கலந்த உப்பு கான்கிரீட்டின் மேற்பரப்பில் படிகிறது. மழையும் ஓதமும் அதை மெல்ல உள்ளே கொண்டுபோகின்றன. கான்கிரீட்டின் காரத்தன்மையால் உண்டாகிக் கம்பியைச் சூழ்ந்து காக்கும் படலத்தை உப்பின் குளோரைடு உடைத்ததும் துரு தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளக்கிறது. கீழே படுத்திருப்பவர் முதலில் காண்பது கூரையில் மயிரிழை போன்ற ஒரு கோடு. பிறகு பழுப்புக் கறை, பிறகு காரை உப்பித் தட்டு தட்டாகப் பெயர்ந்து விழுவது. அந்தக் கட்டத்தில் மேலே டைல்ஸ் ஒட்டினாலும் கீழே பூச்சு அடித்தாலும் நோய் உள்ளேயே இருக்கும்.

கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 (2000) தரக்குறியீடு இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது. பாதிப்புக் குறைந்த சூழலில் கம்பிக்கு 20 மி.மீ. கான்கிரீட் காப்பு போதும் என்று சொல்லும் அதே குறியீடு, கடலோரக் காற்றுக்கு நேராக வெளிப்படும் கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. காப்பும் எம்30 தரமும் கேட்கிறது. பொறியாளர் மேற்பார்வை இல்லாமல், கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை வைத்துத் தளம் போட்ட வீடுகள் இந்த அளவை எட்டியிருக்க வாய்ப்புக் குறைவு.

கட்டடத்தின் எச்சரிக்கையை மதிப்பது உயிர் காக்கும் என்பதற்குத் திருவொற்றியூரிலேயே சான்று இருக்கிறது. 2021 டிசம்பர் 27 அன்று அரிவாக்குளம் வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கவனித்துக் குடியிருந்தோர் முன்னதாகவே வெளியேறியதால் உயிரிழப்பு ஏற்படவில்லை.

இந்த நிலைப்பாட்டின் குறை வேறிடத்தில் இருக்கிறது. பழுதுபார்ப்பில் போட்ட பணம் கண்ணுக்குத் தெரியாது. உட்கார இடமோ நிழலோ கிடைப்பதில்லை. சீட்டு எடுத்தோ நகையை வைத்தோ திரட்டிய தொகையைக் கண்ணுக்குத் தெரியாத வேலையில் போடக் குடும்பம் தயங்குவது இயல்பு. தளத்தைக் காக்கச் சொல்லும் நிபுணர்கள் இந்தத் தயக்கத்துக்கு இன்னும் போதிய விடை சொல்லவில்லை.

மூன்றாம் விடை: ஷீட் போட்டு நிழலாக்கு

வட சென்னையில் நடைமுறையில் மிக அதிகம் காணப்படும் விடை இதுவே. நாலு ஜி.ஐ. குழாய் நட்டு, ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகர ஷீட் போட்டால் உடனடியாக நிழல் கிடைக்கும். மழையில் துணி காயும். விசேஷத்துக்கு விருந்தினரை உட்கார வைக்கலாம். நெருக்கடியில் வாடகைக்கும் விடலாம். அதே தொகையில் இத்தனை பயனை வேறெந்த ஏற்பாடும் தருவதில்லை என்பது ஷீட் போடுவோர் வாதம். எளிதில் தள்ளிவிட முடியாத வாதம் அது.

எதிர்வாதங்கள் மூன்று. முதலாவது காற்று. காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் அடிப்படை வேகத்தை விதிக்கிறது. மணிக்கு 180 கி.மீ. என்று சொல்லலாம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஷீட்டுகள் பறந்ததை நகரம் பார்த்தது. கைப்பிடிச் சுவரில் நாலு போல்ட்டு போட்டுக் கட்டிய கூரை அடுத்த வீட்டுக்கும் ஆபத்து. இரண்டாவது துரு, வெட்டிய முனையிலும் வெல்டிங் பட்ட இடத்திலும் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால் கடலோரத்தில் அங்கிருந்தே குழாய் அரிக்கிறது. மூன்றாவது வெப்பம், கீழ்வீட்டுக்கு நிழல் கிடைத்தாலும் ஷீட்டுக்கு அடியில் நண்பகலில் நிற்க முடியாது. அங்கே மனிதர் குடியேறினால் சிக்கல் முற்றுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலுக்குத் தீங்கு என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. உடைந்த ஷீட்டை அறுப்பதும் துளையிடுவதும் கூடுதல் ஆபத்து. நிரந்தரக் கூரையானால் கட்டட விதிகளின்படி அனுமதியும் தேவைப்படும்.

நான்காம் விடை: மாடித்தோட்டம்

தமிழக அரசு 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் நகர்ப்புறத் தோட்டக்கலைத் திட்டத்தைத் தொடங்கி, செடி வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவு, விதை, உயிர் உரம் அடங்கிய தொகுப்பை மானிய விலையில் வழங்கியது. காய்கறிச் செலவு குறையும், தளம் குளிரும், மனம் அமைதிபெறும் என்பது ஆதரவாளர் கருத்து. கத்தரி, வெண்டை, கீரை மாடியில் நன்றாகவே வருவதை நகரெங்கும் பலர் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இங்கே முதலில் எடைக் கணக்கு வருகிறது. ஆள் ஏறிப் போகும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி விதிக்கும் பயன்பாட்டுச் சுமை ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், சுமார் 150 கிலோ. 600 சதுர அடி மாடி என்றால் ஏறத்தாழ 56 சதுர மீட்டர். எல்லாம் சேர்த்து 8.4 டன். அதன்மேல் அரையடி உயரத்துக்கு ஈரமண் பரப்பினால் சுமார் 15 டன் ஏறிவிடும். வடிகுழாய் அடைத்து 10 செ.மீ. மழைநீர் தேங்கினாலே 5 டன்னைத் தாண்டும். ஆகையால் மண்ணைத் தளத்தில் பரப்பாமல் நார்க்கழிவு மிகுந்த பைகளையே பயன்படுத்துவதும், அவற்றைச் சுவரும் உத்தரமும் போகும் கோட்டின்மேல் வைப்பதும், அடியில் தாங்கி கொடுத்துத் தளத்தை உலரவிடுவதும் குறைந்தபட்ச ஒழுங்கு. தட்டில் தேங்கும் நீர் டெங்கு கொசுவுக்கு இடமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தண்ணீர். மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்டது. உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீர் பைச்செடியை விரைவில் வாட்டும். குடிநீரைச் செடிக்கு ஊற்றக் கோடையில் மனம் வராது.

மூன்றாவது, சாம்பல். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 1994 முதல் இயங்கும் வட சென்னை அனல்மின் நிலையமும் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் தொடர்கின்றன. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், குரோமியம் போன்றவை சிறு அளவில் இருப்பது உலகறிந்த உண்மை. அகலமான இலையுள்ள கீரையில் தூசி அதிகம் படியும். தோலை நீக்கிச் சமைக்கும் சுரை, பீர்க்கு போன்றவை ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை என்று கொள்ளலாம். சாம்பல் விழும் தெருக்களில் பூச்செடியும் நிழல்கொடியும் போதும் என்ற கருத்துக்கும் வலுவிருக்கிறது.

ஐந்தாம் விடை: வெள்ளைத் தளமும் சூரியத் தகடும்

வெப்பம் பற்றிய கவலை வளர வளர இந்த விடை வலுத்து வருகிறது. வெறும் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சோ வெள்ளை டைல்ஸோ பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். அகமதாபாத் தன் வெப்பச் செயல்திட்டத்தின் ஒரு பகுதியாகக் குளிர்கூரைகளை முன்னெடுத்தது. தெலங்கானா 2023இல் இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. செலவு குறைவு, எடை இல்லை, ஒரே நாளில் பூசலாம் என்பவை இதன் பலங்கள். வட சென்னையில் இதன் பகை தூசி: வெள்ளை மங்கினால் பயனும் மங்கும். கழுவுவதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூசுவதையும் செலவில் சேர்க்காவிட்டால் கணக்குத் தவறாகும். வெள்ளைத் தளத்தில் பகலில் கண் கூசும். உட்காருமிடமாக அது மாலையில்தான் உதவும்.

சூரியத் தகடு வெயிலை வருமானமாக மாற்றுகிறது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. 3 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 300 சதுர அடி வேண்டும்; 600 சதுர அடி மாடியில் பாதி போய்விடும். தகட்டை ஆளுயரத்துக்கு மேல் தூக்கி அமைத்தால் அடியில் நிழலும் கிடைக்கும். ஆனால் தகட்டைத் தாங்கும் சட்டகம் புயற்காற்றுக்கும் உப்புக்காற்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்பதால் செலவு ஏறும்.

இதழ்களில் வரும் மரத்தளம் பற்றி நீண்டு பேசத் தேவையில்லை. வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் இடத்தில் மரத்துக்கு ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டும். அடியில் நீர் நின்றால் தளம் கெடுவது கண்ணுக்கும் தெரியாது. மரத்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகைக்குக் கரையான் பயமில்லை. கோடையில் வெறுங்காலுக்குச் சுடும். பழுதில்லாத தளத்தில், கழற்றி மாட்டக்கூடிய வகையில், சிறு பரப்பில் மட்டும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

செலவை எப்படிக் கணக்கிடுவது

நடைமுறையில் மூன்று வழக்கங்கள் உண்டு. சதுர அடிக்கு இவ்வளவு என்று பொருளோடு சேர்த்துப் பேசுவது எளிது. ஆனால் பொருளின் தரம் ஒப்பந்தக்காரர் கையில் போய்விடும். பொருளை நாம் வாங்கிக் கூலியை மட்டும் ஒப்பந்தமாகப் பேசினால் தரம் நம் கையில் இருக்கும்; கணக்கு வைக்க ஆள் வேண்டும். நாள்கூலி சிறு பழுதுக்குப் பொருந்தும். பெரிய வேலையில் நாட்கள் நீளும். எந்த வழக்கமானாலும் மூன்று இடங்களில் விலை கேட்பதும், வேலையின் அளவை எழுதி வாங்குவதும், எதிர்பாராத பழுதுக்குப் பத்தில் ஒரு பங்காவது ஒதுக்குவதும் நல்லது. 2025 செப்டம்பரில் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால், பழைய மதிப்பீட்டைத் திருத்தி வாங்க வேண்டும்.

மூன்று வழக்கங்களுக்கும் பொதுவான குறை, பராமரிப்பை விட்டுவிடுவது. முதல்நாள் செலவு ஒரு பத்தி, அடுத்த பத்தாண்டுப் பராமரிப்பு இன்னொரு பத்தி என்று எழுதினால் வரிசையே மாறக்கூடும். மலிவாகத் தெரிந்த ஷீட் கூரை, துருவுக்குப் பெயிண்டும் மாற்றுத் தகடும் சேர்ந்ததும் மலிவாக இருக்காது. விலை அதிகமாகத் தோன்றிய சுண்ணாம்புப் படலமும் தட்டோடும் நெடுநாள் நின்று செலவை ஈடுகட்டலாம்.

வரவுப் பக்கமும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மி.மீ.; 600 சதுர அடி மாடியிலிருந்து வீணாவதைக் கழித்தாலும் ஆண்டுக்கு 60,000 லிட்டருக்கு மேல் கிடைக்கக்கூடும். உப்பேறிய நிலத்தடி நீர் உள்ள பகுதியில் இதன் மதிப்பு அதிகம். முதல் மழை சாம்பலையும் எச்சத்தையும் அடித்துக்கொண்டு வரும். அதை வெளியேற்றும் தனிக் குழாய் அவசியம்.

தீராத கேள்விகள்

முதற்கேள்வி, யார் செலவிடுவது? இங்கே பெருந்தொகையினர் வாடகைக்கு இருப்போர். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகளை உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. வெப்பத்தைத் தாங்குபவர் வாடகைதாரர், செலவிட வேண்டியவர் உரிமையாளர் என்ற பிளவைச் சட்டம் மட்டும் தீர்க்காது. வாரியக் குடியிருப்பில் மாடி எல்லோருக்கும் பொது என்பதால் பராமரிப்பு யாருக்கும் சொந்தமாவதில்லை.

இரண்டாவது, சாம்பல் விழும் பகுதியில் விளையும் காய்கறி எந்த அளவுக்குப் பாதுகாப்பானது? தெருவுக்குத் தெரு மண்ணையும் இலையையும் சோதித்து மக்களிடம் சொல்லும் ஏற்பாடு வந்தால்தான் தோட்டத் திட்டம் இங்கே நம்பிக்கை பெறும்.

மூன்றாவது, வெளியே உட்காரவே ஏற்ற காற்று எந்நேரமும் இருக்கிறதா? 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் வீட்டைவிட்டே ஓடினார்கள். வீட்டுத் திட்டம் எவ்வளவு கவனமாக இருந்தாலும், காற்றின் தரத்தை ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்கு தீர்த்துவிடாது.

மதிப்பீடு

ஐந்து விடைகளிலும் உண்மை இருக்கிறது. அவை வேறுபடுவது பெரும்பாலும் வரிசையில்தான். உப்புக்காற்று வீசும் இந்த வட்டாரத்தில் கிடைக்கும் சான்றுகள் ஒரு வரிசையை ஓரளவு உறுதியாகவே காட்டுகின்றன. முதலில் தளத்தின் பரிசோதனையும் கம்பிப் பழுதும். அடுத்து வாட்டம், வடிகால், மழைநீர்த் தொட்டி. மூன்றாவதாக வெள்ளைப் பூச்சோ தட்டோடோ. அதன்பின் காற்றுக்கு ஈடுகொடுக்கும் அளவான நிழல். கடைசியில் செடியும் இருக்கையும். பணம் ஒரே தவணையில் இல்லாவிட்டால் இந்த வரிசையிலேயே ஆண்டுக்கொன்றாகச் செய்யலாம். பிப்ரவரியில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு கட்டம் முடியும்.

சோதித்துப் பழுதில்லை என்று தெரிந்த புதிய வீட்டுக்காரர் நேரே மூன்றாம் படிக்கே போகலாம். கூரையில் பழுப்புக் கறை கண்டவர்கள், ஒரு பூந்தொட்டி வாங்குவதற்கு முன்பே, தகுதியுள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துத் தளத்தைக் காட்டிவிட வேண்டும். அந்தக் கட்டணமே இந்தக் கணக்கின் முதல் வரியாக இருக்கட்டும்.